அதே மாப்பிள்ளை, அதே பொண்ணு

— ஊசியக் கீழ வெச்சுட்டு, நான் சொன்னத ஒரு தடவை திருப்பிச் சொல்லு பாப்போம். புரிஞ்சுதா இல்லயான்னு எனக்குத் தெரியணும்ல.

— கல்யாணம் பண்ணிக்கலாம்னீங்க.

— ஆமா.

— யாருக்கு?

— நமக்குத்தான். உனக்கும் எனக்கும்.

— நமக்குத்தான் ஆயிருச்சே.

— அது சபையில ஆனது. இது அரசாங்கத்துல.

— மூணு பொண்ணு பொறந்ததுக்கு அப்புறமா?

— மூணும் பொண்ணாப் பொறந்ததாலதான். விஷயம் என்னன்னா...

— இருங்க, இந்த அங்கிக்குக் கைய வெச்சு முடிச்சிடறேன். நாளைக்குக் கோர்ட்டுக்குப் போட்டுக்கிட்டுப் போகணும்னு வக்கீலய்யா சொல்லிட்டுப் போயிருக்கார்.

— அந்த வக்கீலய்யாதான் சொன்னதே. நேத்து அளவு குடுக்கக் கையத் தூக்கிக்கிட்டு நின்னார்ல, அப்பத்தான். தூக்கின கைய எறக்கறதுக்குள்ள எங்குடும்பக் கதையவே முடிச்சுட்டார்.

— அப்படி என்ன சொன்னார்?

— 'ஆம்பளப் புள்ள இருக்கா?'ன்னார். இல்லன்னேன். 'கூடப் பொறந்த தம்பி?'ன்னார். இருக்கான், அவனுக்கு ரெண்டு பசங்கன்னேன். 'அப்ப நீங்க கண்ண மூடினதும் இந்த எடத்துல பாதி தம்பிக்கு'ன்னார். கீழ கடை, மேல வீடு, நடுவுல மாடிப்படி, எல்லாத்துலயும்.

— மாடிப்படியில பாதின்னா எப்படிங்க? அவங்க ஏறலாம், நாங்க எறங்கலாமா?

— சிரிக்காத.

— நான் எங்க சிரிச்சேன்?

— நீ சிரிக்காமச் சொல்றதுதான் எனக்கு எரிச்சலா வருது. நான் சொல்றதக் கேளு. ஆம்பள வாரிசு இல்லாம ஒருத்தன் போனா, பொண்ணுங்க எத்தனை பேர் இருந்தாலும் அவங்களுக்குப் பாதி. மிச்சம் செத்தவனோட அண்ணன் தம்பிக்கு. இது சபைச் சட்டம்.

— வேதத்துல இருக்கிறதுதானே. சின்ன வயசுலேருந்து கேட்டுக்கிட்டுத்தான இருக்கோம்.

— கேட்டோம். அப்ப நமக்குச் சொத்து இல்ல, அதனால கேக்க நல்லாயிருந்துச்சு.

— அரசாங்கம் ஒண்ணும் கேக்காதா?

— அரசாங்கம் கெட்டிக்காரத்தனமா ஒண்ணு சொல்லி வெச்சிருக்கு. ஓட்டுப் போடறதுல ஆணும் பெண்ணும் சமம். வேலைக்குப் போறதுல சமம். பஸ்ஸுல நின்னுக்கிட்டு வர்றதுல கூட சமம். ஆனா வாசப்படி தாண்டி வீட்டுக்குள்ள வந்துட்டா, 'உங்க சபை என்ன சொல்லுதோ அதுதான் எங்களுக்கும்'னு சொல்லிடுது. சபையக் கேட்டா கடவுளக் காட்டும். கோர்ட்டக் கேட்டா சபையக் காட்டும்.

— கடவுளக் கேட்டா?

— குறுக்க பேசாத. பட்டன் கடைக்காரர் ஆம்பளப் புள்ள இல்லாமப் போனாரே, அப்புறம் அங்க என்ன நடந்துச்சுன்னு பாத்தல்ல?

— பாத்தேன். துக்கம் கேக்க வந்த அவரு தம்பி மகன் கையில அளவு டேப் இருந்துச்சு.

— டேப்பப் பாத்ததும் நான் கூட யாரோ நம்ம தொழில்காரன்னு நெனச்சுட்டேன்.

— இப்ப சமையலறைக்குக் குறுக்கச் சுவர் எழுப்பிட்டாங்க. அடுப்பு அவரு பொண்டாட்டி இருக்கிற பக்கம், குழாய் அவன் பக்கம். ஒரு குடம் தண்ணிக்கு அவன் கதவத் தட்டிக்கிட்டு நிக்கிறாங்க. அவனும் தெறந்துதான் விடறான். பல்லு தேய்ச்சு முடிச்சுட்டு.

— அதத்தான் சொல்றேன். நம்ம நடுவுல உள்ளவள நெனச்சுப் பாரு. மூத்தவளுக்குப் புருஷன் வீடு இருக்கு. சின்னவ படிப்ப முடிச்சான்னா எங்கயாவது போய்ப் பொழைச்சுக்குவா. நடுவுல உள்ளவளுக்குக் காது கேக்காது. இந்தக் கடையும் அந்த மெஷினுந்தான் அவ உலகம். நாளைக்கு எந்தம்பி பசங்க வந்து அந்த மெஷினத் தூக்கிக்கிட்டுப் போனா, அவளுக்குச் சத்தங்கூடக் கேக்காது.

— உங்க தம்பி அப்படிச் செய்யற ஆளு இல்லயே.

— அவன் செய்ய மாட்டான். அவன் பசங்க செய்வாங்க. இவன் பக்கத்துல நின்னுக்கிட்டு 'ஐயோ பாவம், ஐயோ பாவம்'னு சொல்லிக்கிட்டிருப்பான்.

— உயில் எழுதி வெச்சுட்டா?

— சபைக்காரன் உயிலு செல்லாது. போறவன் இருக்கிறவங்களுக்கு உத்தரவு போடக் கூடாதாம்.

— இப்பவே அவங்க பேருக்கு எழுதிக் குடுத்துட்டா?

— எழுதிக் குடுத்துட்டு? நாளைக்கு மூத்தவ புருஷன் வந்து 'மாமா, இந்த மாச வாடகை?'ன்னு நிப்பான். எனக்கு வேணுமா அது? வக்கீலய்யா சொன்னதுதான் வழி. சபையில கட்டினவனுக்குச் சபைச் சட்டம். பதிவு ஆபீஸுல கட்டினவனுக்கு அரசாங்கச் சட்டம். அங்க ஆணு பொண்ணுங்கிற பேதமே கிடையாது. எல்லாருக்கும் சம பங்கு.

— அதுக்கு மதம் மாறணுமா?

— வேண்டியதே இல்ல. கடவுள் அதே கடவுள். கையெழுத்து மட்டும் வேற எடத்துல.

— அப்ப எனக்கு?

— உனக்கு என்ன?

— ஒண்ணுமில்ல. எனக்கு என்ன வரும்னு கேட்டேன்.

— உனக்கென்ன குறை, பொண்ணுங்க பாத்துக்குவாங்க. நான் யாருக்காக இவ்வளவு அலையறேன்னு நெனக்கிற? சரி, நீ என்ன சொல்ற?

— நான் என்னத்தச் சொல்றது. எப்பப் போகணும்னு முன்கூட்டியே சொல்லிடுங்க. இந்தக் காலர் வேலைய முடிச்சாகணும்.

*

— வாங்க ஐயா, உக்காருங்க. அம்மா, அந்த நாற்காலி ஆடும், இதுல உக்காருங்க. பொண்ணு மாப்பிள்ளை எங்க? பதிவாளர் முன்னாடி அவங்க நேர்ல வந்தாகணும். விதி அப்படி.

— வந்திருக்கோம் சார்.

— நீங்க பெத்தவங்க. நான் கேக்கறது கல்யாணம் பண்ணிக்கப் போறவங்கள.

— அது நாங்கதான். நான் மாப்பிள்ளை. இவ பொண்ணு.

— ஓ. நல்லது, நல்லது. வயசுக்கு மேல் வரம்பு எதுவும் கிடையாது. இதுக்கு முன்னாடி கல்யாணம் ஆயிருக்கா ஐயா?

— ஆயிருக்கு சார்.

— அவங்க காலமாயிட்டாங்களா?

— சேச்சே. நல்லா இருக்கா.

— ஐயா, கவனிங்க. ஒரு மனைவி உயிரோட இருக்கும்போது இன்னொரு கல்யாணம்னா அது குற்றம். அதப் பதிவாளர்கிட்டயே வந்து சொல்றீங்க.

— இன்னொருத்தி இல்ல சார். அவளேதான்.

— எவங்க?

— இவதான்.

— அம்மா, உங்களுக்கு ஏற்கனவே கல்யாணம் ஆயிருக்கா?

— ஆயிருக்கு சார். வீட்டுக்காரர் உயிரோடதான் இருக்கார். இதோ, உக்காந்திருக்கார்.

— ஒரு நிமிஷம். நீங்க இவரோட மனைவி, இவரு உங்களோட கணவர். இப்ப ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கணும்.

— ஆமா சார்.

— ஏன்?

— மூணும் பொண்ணு சார். சபைச் சட்டப்படி பாதி வீடு எந்தம்பிக்குப் போயிடும். அதுலேருந்து வெளிய வரணும்.

— அத முதல்லயே சொல்லியிருக்கலாம்ல? இதுக்கு ஒரு பிரிவு இருக்கு. எங்கயோ பாத்திருக்கேன். இருங்க... 'சமய முறைப்படி முன்னரே மணந்துகொண்ட இருவர், தம்முள் இச்சட்டத்தின்கீழ் மீண்டும் மணம் புரிய விழையின்.' தம்முள்னா, அதே ஆளுங்க. நான் இந்த நாற்காலிக்கு வந்ததுலேருந்து இந்தப் பக்கத்தத் தெறந்ததே இல்ல. பாருங்க, ரெண்டு தாளும் ஒட்டிக்கிட்டிருக்கு.

— அப்ப நடக்குமா சார்?

— தாராளமா நடக்கும். வாசல் பலகையில ஒரு மாசம் அறிவிப்பு தொங்கும். இந்தக் கல்யாணத்துல ஆட்சேபனை உள்ளவங்க எழுதிக் குடுக்கலாம்.

— நாங்க புருஷன் பொண்டாட்டியா இருக்கிறதுக்கு இனிமே எவன் சார் ஆட்சேபனை சொல்லப் போறான்?

— இங்க வர்ற எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. போட்டோ வேணும்.

— சேந்து எடுத்தது இருக்கு சார். கல்யாணத்தன்னைக்கு எடுத்தது.

— அது அந்தக் கல்யாணம். இதுக்குத் தனித்தனியா வேணும். அம்மா, உங்க தொழில்?

— வீட்டுல இருக்கா சார்.

— அம்மாவக் கேட்டேன்.

— தைக்கிறேன் சார். வக்கீலுங்க போடற அங்கி, சபையில பெரியவங்க போடற அங்கி. ரெண்டும் ஒரே துணிதான். காலர்தான் வேற.

— கடை என்னோடது சார். இவ ஒத்தாசை.

— ஒத்தாசைன்னு இங்க கட்டம் இல்லீங்க ஐயா. தையல்னு போட்டுடறேன்.

*

— சாப்பாடு எடுத்து வெக்கட்டுமா?

— வேணாம். சபைக்குப் போயிட்டு இப்பத்தான் வர்றேன். பெரியவர் ஆளனுப்பிக் கூப்பிட்டிருந்தார்.

— தெரியும். கடை வாசல்லதான வந்து கேட்டாங்க. என்னவாம்?

— வேற என்ன, தம்பி போய்ச் சொல்லியிருக்கான். 'வேதத்துல போட்ட பங்கு உனக்குப் பத்தலயா?'ன்னார் பெரியவர். எனக்குக் கேக்கலங்க, எம் பொண்ணுங்களுக்குக் கேக்கறேன்னேன். 'அவங்களுக்கு அதுவே போதும்'னார். உங்க பொண்ணுங்களக் கேட்டீங்களா, போதும்னு சொன்னாங்களான்னேன்.

— கேட்டுட்டீங்களா!

— கேட்டுட்டேன்.

— அவரு என்ன சொன்னார்?

— இருமினார். அப்புறம் விஷயத்துக்கு வந்தார். இந்தக் கல்யாணம் நடந்துச்சுன்னா, நடந்த அன்னைக்கே சபையிலேருந்து என் பேர எடுத்துடுவாங்களாம். செத்தா சபை மயானத்துல எடம் கிடையாதாம்.

— உங்கம்மா பக்கத்துல எடம் பாத்து வெச்சிருந்தீங்களே.

— வேலி ஓரமா. நல்ல நிழல் எடம். அம்மாவப் பொதைச்ச அன்னைக்கே மனசுல குறிச்சு வெச்சுக்கிட்டேன், நமக்கு இதுதான்னு.

— அப்ப விட்டுடலாமா?

— விடறதா? என்ன பேசற நீ? செத்தவனுக்கு எந்த மண்ணா இருந்தா என்ன? இருக்கிறவளுக்கு வீடு வேணும். பொம்பளன்னா மனுஷி இல்லயா? அவ எதுக்கு ஒருத்தனோட தயவுல நிக்கணும்? அவன் நல்லவனா இருந்தா வீடு, கெட்டவனா இருந்தா தெருன்னா, அதுக்குப் பேரு சட்டமா?

— சட்டம் இல்லதான்.

— பெரியவர்கிட்டயும் இத அப்படியே சொன்னேன். அங்க இன்னும் நாலு பேர் உக்காந்திருந்தாங்க. அவரு எந்திரிச்சு வாசல் வரைக்கும் கூட வந்தார். நான் செருப்ப மாட்டறப்ப, யாருக்கும் கேக்காத மாதிரி, 'அந்தப் பதிவு ஆபீஸு சனிக்கிழமை உண்டா?'ன்னார்.

— அவருக்கும் பொண்ணுங்கதான.

— நாலு.

— இருக்குன்னு சொன்னீங்களா?

— காலைல மட்டும்னு சொன்னேன்.

— சபை அங்கி பாதி தைச்சுக் கெடக்கு. அத என்ன செய்ய?

— இனிமே அந்த வேலை நமக்கு வராது. காலர மாத்தி வக்கீல் அங்கியா ஆக்கிடு.

— சின்னவ பதிவு ஆபீஸ் பக்கம் போயிட்டு வந்தா. உங்க தம்பி ஆட்சேபனை எழுதிக் குடுத்திருக்காராம்ல?

— குடுத்திருக்கான். சட்டத்துல ஆட்சேபனைக்குக் காரணமே நாலுதான். வயசு பத்தாது, ரத்த சம்பந்தம், வேற புருஷனோ பொண்டாட்டியோ உயிரோட இருக்கு, புத்தி சுவாதீனம் இல்ல. முதல் மூணையும் போட்டுப் பாத்திருக்கான், ஒத்து வரல.

— அப்ப நாலாவதா?

— 'எங்கண்ணனுக்குப் புத்தி பேதலிச்சிருச்சு'ன்னு எழுதியிருக்கான். ஆதாரம் என்ன தெரியுமா? கட்டின பொண்டாட்டியவே மறுபடியும் கட்டணும்னு நிக்கிறேனாம்.

— பதிவாளர் நம்பிட்டாரா?

— நம்பறாரோ இல்லயோ, டாக்டர்கிட்ட சர்டிபிகேட் வாங்கிட்டு வரச் சொன்னார். விதி அப்படியாம். போனேன். இன்னைக்கு என்ன கிழமைன்னு கேட்டார் டாக்டர், சொன்னேன். நூறுலேருந்து ஏழேழாக் குறைச்சுக்கிட்டு வாங்கன்னார். துணி வெட்டறவனுக்கு அது ஒரு கணக்கா? கடகடன்னு எறங்கினேன். அவருக்குப் பரம சந்தோஷம். 'சர்டிபிகேட் எதுக்கு?'ன்னார். கல்யாணத்துக்குன்னேன். 'பொண்ணு யாரு?'ன்னார். எம் பொண்டாட்டிதான்னேன்.

— அப்புறம்?

— மறுபடியும் முதல்லேருந்து, இன்னைக்கு என்ன கிழமைன்னு கேட்டார்.

— குடுத்தாரா இல்லயா?

— விஷயத்த வெளக்கிச் சொன்னதும் குடுத்துட்டார். கையப் பிடிச்சுக் குலுக்கினார் தெரியுமா. 'உங்கள மாதிரி அப்பா எல்லாப் பொண்ணுக்கும் கெடைக்கணும்'னார். எனக்கே கண்ணு கலங்கிப் போச்சு. நீ என்ன, ஒண்ணுமே சொல்லாம உக்காந்திருக்க?

— நீங்க பேசிக்கிட்டிருக்கீங்களே.

— உன்னையும் நெனச்சுத்தான் செய்யறேன்.

— தெரியும்.

— என்ன தெரியும்? மூஞ்சியப் பாத்துச் சொல்லு.

— தெரியும்ங்க. வெளக்கப் போடட்டுமா? கறுப்புத் துணியில கறுப்பு நூலு, கண்ணுக்குத் தெரிய மாட்டேங்குது.

*

— சாட்சிங்க மூணு பேரும் வெளிய பெஞ்சுல உக்காரட்டும். கையெழுத்துக்குக் கூப்பிடறேன். யாரு ஐயா அவங்க, உறவா?

— எம் பொண்ணுங்க சார். மூணு பேரும். பெத்தவங்க கல்யாணத்துக்குப் பெத்த பொண்ணுங்களே சாட்சி. எவனுக்கு சார் இந்தக் குடுப்பினை இருக்கு?

— நல்லது. டாக்டர் சர்டிபிகேட் சரியா இருக்கு. தம்பியோட ஆட்சேபனையத் தள்ளுபடி பண்ணிட்டேன். உங்ககிட்ட கேக்க வேண்டியது எல்லாம் கேட்டாச்சு. இப்ப நீங்களும் கொஞ்ச நேரம் வெளிய இருங்க.

— நானா? நான் மாப்பிள்ளை சார்.

— அதனாலதான். பொண்ணோட சம்மதத்தப் பதிவாளர் தனியாக் கேக்கணும். விதி அப்படி.

— இவகிட்டயா? இவ என்ன சார் சொல்லப் போறா? எல்லாத்தையும் நான் சொல்லித்தான் கூட்டிக்கிட்டு வந்திருக்கேன்.

— அதனாலயுந்தான் ஐயா. போகும்போது கதவ நல்லாச் சாத்திட்டுப் போங்க. அது தானா மூடாது.

— ...

— தண்ணி வேணுமா அம்மா?

— வேணாம் சார்.

— பயப்படாதீங்க. கேள்வி எல்லாம் அச்சடிச்சு வெச்சதுதான். எல்லாருக்கும் இதேதான். நான் படிக்கிறேன், நீங்க வாயால பதில் சொன்னாப் போதும். பதினெட்டு வயசு நிறைஞ்சிருக்கா?

— இந்தத் தடவை நிறைஞ்சிருக்கு சார்.

— ம். 'மிரட்டப்பட்டோ, கட்டாயப்படுத்தப்பட்டோ, பிறர் தூண்டுதலாலோ இம்மணத்துக்கு உடன்படுகிறீரா?'

— இந்தத் தடவை அப்படி இல்ல.

— போன தடவை?

— அதுவும் அச்சுல இருக்குங்களா?

— இல்ல. நானாக் கேட்டேன்.

— போன தடவை எங்கப்பாவக் கேட்டாங்க சார். அவரு சம்மதம்னுட்டார். நான் உள்ள இருந்தேன். பள்ளிக்கூடப் பாவாடைய அவிழ்த்துட்டு வேற துணி கட்டிவிட்டுக்கிட்டிருந்தாங்க.

— சரிம்மா. அடுத்து, இந்தச் சட்டப்படி உங்களுக்கு வர்ற உரிமைகள நான் படிச்சுக் காட்டியாகணும். 'இம்மணத்துக்கு முன்னரோ பின்னரோ இவ்விருவருக்கும் பிறந்த பிள்ளைகள், ஆண் பெண் வேறுபாடின்றிச் சம பங்கு பெறுவர்.'

— அது தெரியும். வீட்டுல ஒரு மாசமா அதுதான் பேச்சு.

— 'மனைவிக்கும் பிள்ளைகளுக்கு இணையான ஒரு பங்கு உண்டு.'

— அது தெரியாது. வீட்டுல அதப் பத்திப் பேச்சு வரல.

— 'கணவனோ மனைவியோ, கொடுமை முதலிய காரணங்களைக் காட்டி, மணவிலக்குக் கோரி நீதிமன்றத்தை அணுகலாம்.' அவ்வளவுதான் அம்மா. இங்க ஒரு கையெழுத்து...

— சார், அந்தக் கடைசி வரிய இன்னொரு தடவை படிங்க.

— 'கணவனோ மனைவியோ...'

— மனைவியோன்னு போட்டிருக்கா?

— போட்டிருக்கு.

— நீங்களா சேத்துப் படிக்கலயே?

— நீங்களே பாருங்க. இதோ இந்த எடத்துல.

— ஆமா. போட்டிருக்கு. சபையில அப்படி இல்ல சார். அங்க புருஷன் வாயால சொன்னாத்தான் பொண்டாட்டி போகலாம். அவரு சொல்லலன்னா இருந்துதான் ஆகணும்.

— கேட்டுப் பாத்தீங்களா?

— சின்னவள இடுப்புல வெச்சுக்கிட்டு ஒரு தடவை போனேன். இப்ப இருக்கிற பெரியவர் இல்ல, அவருக்கு முந்தினவர். என் மூஞ்சி இருந்த இருப்புல அவருக்கு என்னை அடையாளம் தெரியல, பேரச் சொன்னேன். ரொம்ப வருத்தப்பட்டார். 'அடிச்சது தப்புதான், ஆனா அடிய விசாரிக்கிறது போலீஸு வேலை, அங்க போம்மா'ன்னார்.

— போனீங்களா?

— போனேன். எந்தச் சபைன்னு கேட்டாங்க. சொன்னேன். 'குடும்ப விஷயம்னா உங்க சபைச் சட்டந்தான், நாங்க தலையிட முடியாது, பெரியவரப் பாருங்க'ன்னாங்க. ரெண்டும் ஒரே தெருதான், எதிரும் புதிருமா. அன்னைக்குப் பூரா நான் அந்த ரோட்டக் குறுக்கக் கடந்துக்கிட்டே இருந்தேன்.

— கடைசியில?

— பெரியவர் ஒரு வழி சொன்னார். 'வீட்டுக்குப் போயி, விட்டுடறீங்களான்னு அவரையே பதமாக் கேட்டுப் பாரு'ன்னார். கேட்டேன்.

— என்ன சொன்னார்?

— இந்தப் பக்கம் இருக்கிற ரெண்டு பல்லும் கட்டினது சார். நீங்க எழுதிக்காதீங்க. சும்மா கேட்டீங்கன்னு சொன்னேன்.

— எழுதல அம்மா. பேனா கீழ விழுந்துருச்சு. பொண்ணுங்களையும் அடிப்பாரா?

— அய்யய்யோ, இல்ல சார். பொண்ணுங்கன்னா அவருக்கு உசுரு. ஒருத்திய அதட்டினது கெடையாது. அவங்களுக்காகத்தான் சபையே வேணாம்னு வந்திருக்கார். அவங்கம்மா பக்கத்துல படுக்க ஆசைப்பட்ட எடத்தையே விட்டுட்டார். அதுல நான் ஒரு குறை சொல்ல மாட்டேன்.

— உங்கள? இப்பவும்?

— இப்ப இல்ல. அவருக்குத் தோள்பட்டை பிடிச்சுக்கிட்டதுலேருந்து இல்ல. வலது கை பாதிக்கு மேல எந்திரிக்காது.

— கை நல்லா இருந்தா?

— வைத்தியம் பாத்துக்கிட்டுத்தான் இருக்கார். இப்ப தேவலைன்னு சொல்றார். போன வாரம் மேல் அலமாரியிலேருந்து துணிக்கட்ட அவரே எறக்கினார்.

— சார்! முடிஞ்சுதா? இவளுக்கு இவ்வளவு நேரம் கேக்க என்ன சார் இருக்கு?

— வெளிய இருங்க ஐயா! கூப்பிடறேன். அம்மா, கவனிங்க. இது அச்சுல இல்ல, நான் சொல்றேன். நீங்க சம்மதம் இல்லன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், இந்தக் கல்யாணத்த இங்கயே நிறுத்திடுவேன். காரணம் கூட யாருக்கும் சொல்ல மாட்டேன். விதியில எடம் இருக்கு.

— நிறுத்தினா நான் எங்க சார் போறது? பழைய கல்யாணத்துக்குத்தான?

— ஆமா. சபைக் கல்யாணம் அப்படியேதான் இருக்கும்.

— இன்னைக்குக் கையெழுத்துப் போட்டா?

— சபைக் கல்யாணம் சட்டத்துக்கு இல்லாமப் போயிடும். இனிமே இது ஒண்ணுதான்.

— கோர்ட்டுக்குப் போகணும்னா அவரு வாயால சொல்லணுமா?

— வேணாம். நீங்க சொன்னாப் போதும்.

— சபையில ஏதாவது வாங்கிட்டு வரணுமா?

— சபைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல.

— போலீஸுல, எந்தச் சபைன்னு கேப்பாங்களா?

— கேக்கக் கூடாது. கேட்டா, பதிவுக் கல்யாணம்னு சொல்லுங்க. இந்தச் சான்றிதழக் காட்டுங்க.

— பொண்ணுங்களுக்கு வர்றது? நான் பாட்டுக்கு நாளைக்கு ஒண்ணு செஞ்சு, அது அவங்க பங்குல வந்து விடிஞ்சிடக் கூடாது சார். நடுவுல உள்ளவளுக்கு அந்தக் கடைய விட்டா வேற கதியில்ல.

— இன்னைக்குப் போடற கையெழுத்தோட அவங்க உரிமை உறுதியாயிடும். அதுக்கப்புறம் நீங்க ரெண்டு பேரும் சேந்து இருந்தாலும் பிரிஞ்சு போனாலும் அது மாறவே மாறாது.

— நிச்சயமா?

— நிச்சயமா. அவசரம் ஒண்ணுமில்ல, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க அம்மா. கடைசிக் கேள்வி இதுதான். 'இம்மணத்துக்கு உமக்கு முழுச் சம்மதமா?'

— முழுச் சம்மதம் சார். அவரக் கூப்பிடுங்க, கல்யாணத்த முடிச்சுடலாம்.